123456789: ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி

ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கங்களை வரிசையாக எழுதினால் 123456789 வரும். பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. பார்க்க அழகான எண். ஆனால் அந்த அழகு நாம் பத்து இலக்கங்களைக் கொண்டு எழுதுவதால் வந்தது. கணினி இதையே இரும முறையில் 111010110111100110100010101 என்று 27 இலக்கங்களில் வைத்திருக்கும். அதில் எந்த வரிசையும் தெரியாது.

எண் கோட்பாடு கேட்கும் கேள்விகள் வேறு. இந்த எண் எந்தப் பகா எண்களால் ஆனது? இதற்கு எத்தனை வகுத்திகள்? இதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இதை எழுத முடியுமா? எந்த முறையில் எழுதினாலும் இவற்றின் விடை மாறாது. இவை எல்லாவற்றுக்கும் விடை சொல்லும் திறவுகோல் ஒன்றுதான்: பகாக் காரணிப்படுத்தல். அது கையில் கிடைத்துவிட்டால் மீதமெல்லாம் சில வரிக் கணக்கு. அதைக் கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. தேவைப்படுவது பள்ளிக் கணக்கு மட்டுமே. 123456789 ஐயே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதலில் மீதிகள்

பெரிய எண் கையில் வந்ததும் செய்ய வேண்டியது, சிறிய எண்களால் வகுத்தால் என்ன மீதி வருகிறது என்று பார்ப்பது. பெரும்பாலான மீதிகளை முழு வகுத்தல் செய்யாமலே சொல்லிவிடலாம்.

கடைசி இலக்கம் 9. ஆகவே 2 ஆலும் 5 ஆலும் வகுபடாது. கடைசி இரண்டு இலக்கங்களான 89 ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 1. முழு எண்ணுக்கும் அதுவே மீதி, ஏனென்றால் 100 இன் மடங்குகள் எல்லாம் 4 ஆல் தீர்ந்துவிடும். அதேபோல் கடைசி மூன்று இலக்கங்களான 789 ஐ 8 ஆல் வகுத்தால் மீதி 5. இந்த இரண்டு மீதிகளும் பின்னால் வர்க்கங்களைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இலக்கங்களின் கூடுதல் 45. பத்து, நூறு, ஆயிரம் என்று எதை 9 ஆல் வகுத்தாலும் மீதி 1 தான். அதனால் ஓர் எண்ணை 9 ஆல் வகுத்தால் வரும் மீதியும் அதன் இலக்கக் கூடுதலை 9 ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. 45 ஆனது 9 ஆல் வகுபடுகிறது, எனவே நம் எண்ணும் வகுபடும். இந்த ஒன்பது இலக்கங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் இது மாறாது.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. 3 க்கும் 9 க்கும் செல்லும் விதி 27 க்கும் செல்லும் என்று நினைத்துவிடுவார்கள். செல்லாது. 1899 இன் இலக்கக் கூடுதல் 27. ஆனால் 1899 ஐ 27 ஆல் வகுத்தால் மீதி 9. காரணம், 10 ஐ 27 ஆல் வகுத்தால் மீதி 1 அல்ல, 10. ஆகவே 27 ஐச் சோதிக்க எளிய வழி, 9 ஆல் வகுத்துவிட்டு ஈவை மறுபடி 3 க்குச் சோதிப்பது. 123456789 ÷ 9 = 13717421. இதன் இலக்கக் கூடுதல் 26. 3 ஆல் வகுபடாது. எனவே நம் எண்ணுக்குள் 3 சரியாக இரண்டு முறை இருக்கிறது, அதற்கு மேல் இல்லை.

11 க்கு, வலது கோடியிலிருந்து கூட்டியும் கழித்தும் மாறி மாறிப் போக வேண்டும்: 9 − 8 + 7 − 6 + 5 − 4 + 3 − 2 + 1 = 5. மீதி 5. இடமிருந்து தொடங்கினாலும் வகுபடுமா இல்லையா என்பது சரியாகவே தெரியும். ஆனால் இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் மீதியின் குறி மாறிப் போகும். வலமிருந்தே தொடங்கிப் பழகுவது நல்லது.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாக வெட்டி, மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும்: 789 − 456 + 123 = 456. லட்சம், கோடிக்குப் போடும் காற்புள்ளிகளை இங்கே நம்பக் கூடாது. அவை இரண்டிரண்டாக வெட்டும். 456 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 1, 11 ஆல் வகுத்தால் 5, 13 ஆல் வகுத்தால் 1. பதினொன்றுக்கு முன்பு கிடைத்த 5 இங்கேயும் வந்திருக்கிறது. ஒரு விடையை இரண்டு வழியில் சரிபார்க்க வாய்ப்பு வந்தால் விடாமல் பயன்படுத்துங்கள். கணக்கின் முடிவில் எதிர்மறை எண் வந்தால் 1001 ஐக் கூட்டிக்கொண்டு மேலே போகலாம்.

ஆக, 7, 11, 13 எதுவும் காரணி இல்லை. கையில் மிஞ்சி நிற்பது 13717421.

காரணியைத் தேடுதல்

நேர்வழி, பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்ப்பது. எதுவரை போக வேண்டும்? வர்க்கமூலம் வரை. ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கமாக உடைந்தால், இரண்டுமே வர்க்கமூலத்தை விடப் பெரிதாக இருக்க முடியாது. இருந்தால் பெருக்கம் எண்ணைத் தாண்டிவிடும். 13717421 இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 3703.7. எனவே 3703 வரை சோதித்து எதுவும் கிடைக்காவிட்டால் அது பகா எண் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்த எண்ணில் நேர்வழி பொறுமையைச் சோதிக்கும். 17, 19, 23 என்று ஏறிக்கொண்டே போனால் முதல் காரணி 3607 இல்தான் அகப்படும். அது 504 ஆவது பகா எண். பகா எண் பட்டியல் கையில் இல்லாமல் 5 இலிருந்து எல்லா ஒற்றை எண்களாலும் வகுத்துக்கொண்டு போனால் 1802 வகுத்தல்கள். கணினிக்கு இது கண் சிமிட்டும் நேரம். தாளில் செய்பவருக்கு நாள் போய்விடும்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் டி ஃபெர்மா 17 ஆம் நூற்றாண்டில் கையாண்ட வேறொரு வழி இருக்கிறது. அதன் அடிப்படை பள்ளியில் படித்த அதே சூத்திரம்: அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ). நம் எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் தானாக வந்துவிடும். செய்முறை இது: வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை அ என்று எடுத்துக்கொண்டு, அதை வர்க்கப்படுத்தி, நம் எண்ணைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது முழு வர்க்கமாக இருந்தால் முடிந்தது. இல்லையென்றால் அ ஐ ஒன்று கூட்டி மீண்டும் அதே கணக்கு.

வர்க்கமூலம் 3703.7 என்பதால் 3704 இல் தொடங்குவோம்.

3704² = 13719616. கழித்தால் 2195. இது முழு வர்க்கம் அல்ல.

3705² = 13727025. கழித்தால் 9604. இது 98².

இரண்டாவது முயற்சியிலேயே முடிந்துவிட்டது. 3705 − 98 = 3607; 3705 + 98 = 3803. பெருக்கிப் பார்த்தால் 3607 × 3803 = 13717421.

முழு வர்க்கமா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் வர்க்கமூலம் எடுக்க வேண்டியதில்லை. முழு வர்க்கத்தின் கடைசி இலக்கம் 0, 1, 4, 5, 6, 9 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 5 இல் முடிந்தால் 25 இல் முடிய வேண்டும். 0 இல் முடிந்தால் 00 இல் முடிய வேண்டும். 2195 ஆனது 95 இல் முடிவதால் பார்த்தவுடனே தள்ளிவிடலாம். 9 ஐ வெளியே எடுக்காமல் 123456789 மீதே இந்த முறையைச் செய்திருந்தால் இந்த வடிகட்டியின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 11112, 11113, 11114 ஆகியவற்றின் வர்க்கங்களிலிருந்து கழித்தால் முறையே 19755, 41980, 64207 மிஞ்சும். முதலாவது 55 இல் முடிகிறது. இரண்டாவது ஒற்றைப் பூஜ்யத்தில். மூன்றாவது 7 இல். மூன்றும் வெளியே. நான்காவதாக 11115² − 123456789 = 86436, இது 294². வர்க்கமூலம் எடுக்க வேண்டி வந்தது ஒரே ஒரு முறைதான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. 3607 உம் 3803 உம் பகா எண்கள்தானா என்று பார்க்காமல் நிறுத்தக் கூடாது. ஃபெர்மா முறை காரணிகளைத் தருமே தவிர, அவை பகா எண்கள் என்று உறுதி தராது. 3607 க்கு 59 வரையுள்ள பகா எண்கள் போதும், ஏனென்றால் 61² = 3721, அது 3607 ஐத் தாண்டிவிட்டது. 3803 க்கு அப்படியில்லை. 3721 அதை விடச் சிறியது, எனவே 61 ஐயும் சோதித்தாக வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தானே என்று 59 இலேயே நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. 3803 ஐ 61 ஆல் வகுத்தால் மீதி 21. இரண்டு எண்களுமே எல்லாச் சோதனைகளையும் தாண்டி பகா எண்களாக நிற்கின்றன.

123456789 = 3² × 3607 × 3803

ஃபெர்மா முறை எப்போது கைகொடுக்கும், எப்போது கைவிடும்

இங்கே இரண்டே முயற்சியில் விடை வந்ததற்குக் காரணம், 3607 உம் 3803 உம் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பது. அவற்றின் சராசரி 3705, வர்க்கமூலமோ 3703.7. முயற்சிகளின் எண்ணிக்கை இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான். ஃபெர்மாவே 1643 இல் எழுதிய ஒரு கடிதத்தில் 2027651281 என்ற எண்ணை இப்படித்தான் உடைத்துக் காட்டினார்: 45041² − 1020², அதாவது 44021 × 46061. அதற்கு 12 முயற்சிகள் போதும்.

காரணிகள் தள்ளித் தள்ளி இருந்தால் கதை தலைகீழ். இலக்கங்களைத் திருப்பிப் போட்ட 987654321 ஐ எடுங்கள். 9 ஆல் வகுத்தால் 109739369. இதில் ஃபெர்மா முறையை ஓட்டினால் 10476 இல் தொடங்கி 190005 வரை போக வேண்டியிருக்கும். மொத்தம் 179530 முயற்சிகள். நேர்வழியிலோ 17 இலேயே பிடிபடும், அதுவும் இரண்டு முறை: 987654321 = 3² × 17² × 379721. ஆகவே அனுபவமுள்ளவர்கள் இரண்டையும் கலந்தே செய்வார்கள். சில நூறு வரையிலான சிறிய பகா எண்களால் முதலில் வகுத்துவிட்டு, பிறகு சில ஆயிரம் முயற்சிகளுக்கு ஃபெர்மா முறை. இரண்டிலும் அகப்படாவிட்டால்தான் கனமான முறைகளுக்குப் போக வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கோடு நிற்பதில்லை. 1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ மறையாக்க முறையின் பாதுகாப்பு, இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கத்தை உடைப்பது கடினம் என்பதில்தான் நிற்கிறது. நம் 13717421 அப்படிப்பட்ட பெருக்கத்தின் சிறிய வடிவமே. உண்மையான சாவிகள், அதாவது செய்தியைப் பூட்டப் பயன்படும் எண்கள், பெரும்பாலும் 2048 பிட் (இரும இலக்கம்); நாம் எழுதும் முறையில் 617 இலக்கங்கள் கொண்டவை. சாவி உருவாக்கும்போது இரண்டு பகா எண்களையும் மிக அருகருகே எடுத்துவிட்டால், எத்தனை நூறு இலக்கங்கள் இருந்தாலும் ஃபெர்மா முறை சில படிகளில் அதை உடைத்துவிடும். அதனால்தான் அமெரிக்கத் தர விதிகள், 2048 பிட் சாவியின் இரு பகா எண்களுக்கும் இடையே குறைந்தது 2 இன் 924 ஆம் அடுக்கு அளவுக்காவது வித்தியாசம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன.

ஓர் எண் பகா எண்ணா என்று தெரிந்துகொள்வதும், பகு எண் என்றால் அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதலாவது எளிது, எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் நியாயமான நேரத்தில் உறுதியாகச் சொல்லிவிடும் முறையைக் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் 2002 இல் தந்தார்கள். இரண்டாவது இன்றும் கடினமே. சவாலாக வெளியிடப்பட்ட ஆர்எஸ்ஏ 250 என்ற 250 இலக்க எண் 2020 இல்தான் உடைபட்டது, அதுவும் ஏராளமான கணினிகளைக் கொண்டு.

காரணிகள் கிடைத்த பின்

வகுத்திகளின் எண்ணிக்கையைக் காண, ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். அடுக்குகள் 2, 1, 1. எனவே 3 × 2 × 2 = 12 வகுத்திகள். எழுதிப் பார்த்தால்: 1, 3, 9, 3607, 3803, 10821, 11409, 32463, 34227, 13717421, 41152263, 123456789. ஒன்பது இலக்க எண்ணுக்கு வெறும் பன்னிரண்டுதான். ஆறே இலக்கங்கள் கொண்ட 720720 க்கு 240 வகுத்திகள் உண்டு, ஏனென்றால் அது 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணை விடவும் அதிக வகுத்திகள் கொண்ட இத்தகைய எண்களைப் பற்றித்தான் இராமானுஜன் 1915 இல் தன் பெரிய ஆய்வுக் கட்டுரையை எழுதினார். எண் பெரிதா சிறிதா என்பதை விட, சிறிய பகா எண்கள் எத்தனை உள்ளே இருக்கின்றன என்பதே வகுத்திகளைப் பெருக்குகிறது.

வகுத்திகளின் கூடுதலுக்கு, ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அடுக்குகளைக் கூட்டிப் பெருக்குகிறோம்: (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 178422816. எண்ணையே கழித்துவிட்டால் 54966027. இது எண்ணை விடச் சிறியது, எனவே 123456789 ஒரு குறைவெண். தன்னை நீக்கிய மற்ற வகுத்திகளின் கூடுதலுக்குச் சமமான 6, 28 போன்றவை நிறைவெண்கள்.

அடுத்து ஆய்லர் சார்பு. 1 முதல் 123456789 வரை உள்ள எண்களில் எத்தனை, இதோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை? சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை விடச் சலித்துப் பார்ப்பது புரியும்படி இருக்கும். முதலில் 3 இன் மடங்குகளை நீக்குங்கள். மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும், 82304526. இவற்றில் 3607 இல் ஒரு பங்கு, அதாவது 22818 எண்கள், 3607 இன் மடங்குகள். அவற்றையும் நீக்கினால் 82281708. இதில் 3803 இல் ஒரு பங்கு 21636, நீக்கினால் 82260072. இதுவே விடை. சூத்திரத்தில் எழுதினால் 6 × 3606 × 3802.

அந்த 6 இல்தான் தொடக்கநிலையினர் தவறுகிறார்கள். 9 ஐ 3 × 3 என்று எழுதி, ஒவ்வொரு 3 க்கும் 2 போட்டு 4 என்று எடுத்துவிடுவார்கள். 9 உடன் பொதுக் காரணி இல்லாத எண்கள் 1, 2, 4, 5, 7, 8, ஆறு. தனித்தனியாகக் கணக்கிட்டுப் பெருக்கும் விதி, பொதுக் காரணி இல்லாத பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். 3 உம் 3 உம் அப்படியல்ல. இதே பிழை வகுத்திகளின் எண்ணிக்கையில் 3 க்குப் பதில் 4 ஆகவும், கூடுதலில் 13 க்குப் பதில் 16 ஆகவும் வந்து நிற்கும்.

ஆய்லர் சார்பு எதற்கு உதவும்? நம் எண்ணோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணையும் 82260072 என்ற அடுக்குக்கு உயர்த்தி 123456789 ஆல் வகுத்தால் மீதி 1 வரும். உண்மையில் இதில் பன்னிரண்டில் ஒரு பங்கான 6855006 என்ற அடுக்கே போதும். 6, 3606, 3802 மூன்றின் மீச்சிறு பொது மடங்கு அது. 1 ஐ 123456789 ஆல் வகுத்துத் தசமத்தில் எழுதினால் இலக்கங்கள் சுழல ஆரம்பிக்கும் அல்லவா, அந்தச் சுழற்சியின் நீளம் 6855006 ஐ மீதியின்றி வகுக்கும் ஓர் எண்ணாகத்தான் இருக்க முடியும்.

மறையாக்கத்தில் இதன் பங்கு இன்னும் நேரடியானது. 13717421 க்கு மட்டும் ஆய்லர் சார்பு 3606 × 3802 = 13710012. இந்த எண்ணை யாராவது உங்களிடம் சொல்லிவிட்டால் காரணிகளைத் தேடவே வேண்டாம்: 13717421 − 13710012 + 1 = 7410, இது இரண்டு பகா எண்களின் கூடுதல். பாதி 3705. அதன் வர்க்கத்திலிருந்து 13717421 ஐக் கழித்தால் 98². மறுபடி 3607, 3803. ஆய்லர் சார்பை அறிவதும் காரணிகளை அறிவதும் ஒன்றே என்பதால்தான் ஆர்எஸ்ஏ முறையில் அது இரகசியமாக வைக்கப்படுகிறது.

கணிப்பான் ஏமாற்றும் இடங்கள்

எட்டு இலக்கக் கணிப்பானில் 123456789 நுழையவே நுழையாது. 9 ஐ வெளியே எடுத்த 13717421 சரியாகப் பொருந்தும். மீதி காண, வகுத்து வரும் விடையின் முழு எண் பகுதியை மட்டும் எடுத்து, திரும்பப் பெருக்கிக் கழிக்க வேண்டும். தசமப் பகுதியைப் பெருக்கிப் பார்ப்பவர்களுக்கு 0.9999 போன்ற விடைகள் வந்து குழப்பும்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில். குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. நம் எண்ணை 17 ஆல் பெருக்கினால் 2098765413, உள்ளே அடங்கும். 18 ஆல் பெருக்கினால் வழிந்துவிடும். தசமப் பகுதியுள்ள எண்களைக் கணினி வைத்துக்கொள்ளும் 64 பிட் மிதவைப் புள்ளி முறையிலோ 2⁵³, அதாவது 9007199254740992 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணும் துல்லியமாக நிற்கும். 123456789² = 15241578750190521; இது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. மிதவைப் புள்ளியில் கணக்கிட்டால் 15241578750190520 என்று வரும். எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் வைத்துக்கொண்டு, மீதியைப் பூஜ்யமாக்கி 15241578750190500 என்று காட்டும். எந்த எச்சரிக்கையும் வராது.

இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்க மீதிகளே போதும். ஒற்றை எண்ணை ஒற்றை எண்ணால் பெருக்கினால் இரட்டை எண் வராது. அங்கேயே இரண்டும் மாட்டிக்கொண்டன. சரியான விடையின் இலக்கக் கூடுதல் 63, ஒன்பதால் வகுபடும். முதல் தவறான விடையின் கூடுதல் 62, வகுபடாது. துல்லியமான பெரிய எண்களுக்குப் பைத்தான் நிரல் மொழியின் சாதாரண முழு எண் வகையே போதும், அதற்கு இலக்க வரம்பு இல்லை; ஆனால் அங்கேயும் சாய்கோடு ஒன்று போட்டு வகுத்தால் மிதவைப் புள்ளிக்கு மாறிவிடும், இரண்டு சாய்கோடு போட வேண்டும்.

இரண்டு வர்க்கங்களின் கூடுதல்

இறுதியாக, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 123456789 ஐ இரண்டு முழு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா?

எந்த வர்க்கத்தையும் 4 ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. ஆகவே இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 இவற்றில் ஒன்று. 3 வரவே வராது. நம் எண்ணுக்கு மீதி 1 என்று தொடக்கத்திலேயே பார்த்தோம். முடியும் போலத் தெரிகிறது. ஆனால் உண்மையான விதி இன்னும் ஆழமானது: 4 ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் ஒவ்வொன்றும், காரணிப்படுத்தலில் இரட்டை அடுக்கில் இருக்க வேண்டும். ஃபெர்மா சொல்லி ஆய்லர் நிறுவிய உண்மையிலிருந்து வருவது இது. நம் எண்ணில் 3 இரட்டை அடுக்கில் இருக்கிறது, குறையில்லை. 3607, 3803 இரண்டுக்குமே மீதி 3, அடுக்கு ஒன்றே ஒன்று. எனவே முடியாது. இரண்டு தடைகளின் மீதிகளும் பெருகி 3 × 3 = 9, அதாவது மீதி 1 ஆகி, மேலோட்டமான சோதனையில் தங்களை மறைத்துக்கொண்டன. காரணிப்படுத்தாமல் இதை எளிதில் கண்டுபிடித்திருக்க முடியாது.

மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும். 8 ஆல் வகுத்தால் மீதி 7 வராத ஒற்றை எண் எதுவும் மூன்று வர்க்கங்களின் கூடுதலாக அமையும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் காட்டியிருக்கிறார். நமக்கு மீதி 5.

இப்போது 987654321. முதலில் ஒரு சிறு உறவு: 123456789 × 8 + 9 = 987654321. எனவே இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி, 123456789 க்கும் 9 க்கும் உள்ளதுதான், அது 9. மீதிகளைக் கொண்டு மீப்பெரு பொதுக் காரணியைக் காணும் யூக்ளிட் முறை ஒரே படியில் முடிந்துவிடுகிறது. மூன்றைத் தவிர வேறு எந்தப் பகா எண்ணும் இந்த இரண்டுக்கும் பொதுவில்லை, ஆகவே ஒன்றின் குணம் மற்றதற்கு இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இதன் காரணிகள் 3², 17², 379721. 17 க்கும் 379721 க்கும் 4 ஆல் வகுத்தால் மீதி 1. தடை எதுவும் இல்லை. இரண்டு வர்க்கங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பதும் எளிது. 379721 இன் வர்க்கமூலம் 616.2. 616 இலிருந்து இறங்கிக்கொண்டே வர்க்கங்களைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுபவை 265, 1496, 2725, 3952, 5177. எதுவும் வர்க்கம் அல்ல. ஆறாவதாக 379721 − 611² = 6400, இது 80². இந்த ஒரு வரியே இன்னொரு வேலையையும் சுருக்குகிறது: 611 க்கும் 80 க்கும் பொதுக் காரணி இல்லாததால், 379721 க்குக் காரணி இருந்தால் அது 4 ஆல் வகுத்து மீதி 1 தரும் பகா எண்ணாகத்தான் இருக்க முடியும். 616 வரையுள்ள 112 பகா எண்களில் 53 ஐ மட்டும் சோதித்து, அது பகா எண் என்று உறுதி செய்துவிடலாம்.

இனி இரண்டு வர்க்கங்களையும் 3 × 17 = 51 இன் வர்க்கத்தால் பெருக்கினால்

987654321 = 31161² + 4080²

31161² = 971007921, 4080² = 16646400. கூட்டிப் பாருங்கள்.